உரைப்போரும் கொடுப்போரும்

போசரியில் வாழும் நமக்குத் தேகுவும் ஆளந்தியும் அண்டை ஊர்கள். ஆஷாட ஏகாதசிக்காகப் பண்டரிபுரம் செல்லும் பல்லக்குகளையும் அவற்றின் பின்னே நடக்கும் பெருங்கூட்டத்தையும் ஆண்டுதோறும் இவ்வட்டாரத்தில் காண்கிறோம். தேகுவினின்று புறப்படும் பல்லக்கிற்கு உரியவர் துகாராம். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெருமகனாரின் பக்தியை நம்மவர் நன்கறிவர். பொருள் வகையில் அவர் கொண்டிருந்த கண்டிப்பை அத்துணை அறியார். சமயம் உரைப்போர் அன்றாட வாழ்வில் எங்ஙனம் ஒழுகுதல் வேண்டும் என்னும் வினாவை அக்கண்டிப்பிலிருந்தே தொடங்குவது தகும்.

துகாராம் துறவியல்லர். கடையும் கொடுக்கல் வாங்கலும் உடைய குடியிற் பிறந்து, மனைவி மக்களோடு வாழ்ந்தவர். 1630-ஐ ஒட்டித் தக்காணத்தை வாட்டிய பஞ்சத்தில் வாணிகம் நொடித்தது. முதல் மனைவியும் மாண்டார். பின்னர், பிறரிடமிருந்து வர வேண்டிய கடன்களுக்கான பத்திரங்களைத் தம்பியோடு பங்கிட்டுக்கொண்டு, தம் பங்கை மட்டும் இந்திராயணி ஆற்றில் எறிந்துவிட்டார் என்பது மரபு. தம்பியின் பங்கை அவர் தொடவில்லை என்பதை நாம் ஊன்றிக் கருத வேண்டும். பிறர் பொருளைக் கொண்டு வள்ளலாவது எளிதன்றோ!

கீர்த்தனம் செய்வோர்க்கும் அவர் ஒரு நெறி வகுத்தார். கீர்த்தனம் நிகழ்த்தும் இடத்தில் உண்ணலாகாது, மாலை ஏற்கலாகாது, உடன் வந்த காளைக்குப் புல்லும் கேட்கலாகாது என்பது அவருடைய அபங்கம் ஒன்றின் கருத்து. ஒரு பிடி புல்லைப் பற்றியா இத்துணைக் கவலை என்று தோன்றலாம். பொன்னையும் பட்டையும் மறுப்போர் உளர். ஊரார் காண மறுக்கையில் புகழும் வந்து சேர்கிறது. புல்லை மறுப்பதால் எப்புகழும் வருவதில்லை. தமக்கென்று கேளாமல் மாட்டிற்கென்று கேட்பதால் மனச்சான்றும் உறுத்துவதில்லை. ஆயினும், விருந்தளிப்போன் தலையில் ஏறும் முதற்சுமை அப்புல்தான். பெரிய துறவைக் காட்டிலும் இச்சிறு துறவே அரியது என்று நமக்குத் தோன்றுகிறது.

திருவள்ளுவரும் தவம் என்னும் அதிகாரத்தை அடுத்தே கூடாவொழுக்கத்தை வைத்தார். அதனையடுத்துக் கள்ளாமையை வைத்தார். களவு எல்லார்க்கும் குற்றமாயிருக்க, அதனைத் துறவறவியலில் கூறுவானேன்? கொள்ளும் வாய்ப்பும், கொண்டால் ஐயுறாத சுற்றமும் வாய்த்தவர்க்கு அவ்வெச்சரிக்கை மிகுதியும் வேண்டும் என்பது நாம் கொள்ளும் விடை.

இதனால் கோயிற் பூசகரோ பாதிரியாரோ பட்டினி கிடக்க வேண்டும் என்பது பெறப்படாது. துகாராமுக்குக் கடை இருந்தது. சிற்றூர்க் கோயிலின் அருச்சகருக்கு மணியோசையன்றி வேறு வருவாய் ஏது? ஒருகாலப் பூசை நடைபெறும் கோயில்களின் அருச்சகர்க்குத் தமிழக அரசு 2021-இல் மாதந்தோறும் 1000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கத் தொடங்கியது. அத்தொகையே பெருந்துணையாகும் நிலையிலுள்ளவரின் தட்டில் விழும் நாணயத்தை எண்ணிக் கொண்டிருப்பது நமக்கு அழகாகாது. உழைப்பிற்குரிய கூலி வேறு; மதிப்பைக் காட்டிப் பெறும் ஆதாயம் வேறு.

மடத்துச் செல்வமும் மதிப்பும் ஒருங்கே வாய்த்தும் நெறி பிறழாதவர்க்குச் சான்று வேண்டின், குன்றக்குடி அடிகளாரைக் காட்டலாம். 1952-இல் ஆதீனத் தலைமை ஏற்ற அவர், ஊர் மக்களின் தொழிலுக்கும் வேளாண்மைக்கும் திட்டம் வகுப்பதை மடத்தின் வேலையாகவே கொண்டார். கடவுளை மறுத்த பெரியாரோடு நட்புப் பூண்டார். 1982-இல் மண்டைக்காட்டில் மதக்கலவரம் மூண்டபோது அங்கே சென்று அமைதிக்கு உழைத்தார். அவர்தம் சொற்பொழிவுகளை மறந்தோரும் இச்செயல்களை மறந்திலர்.

தாய்மண்ணை விட்டு வந்த நம் குடும்பங்களில் இவ்வினா சற்றுக் கூர்மையாகவே எழுகிறது. ஊரில் வளரும் பிள்ளை, பூசகரைக் கடைத்தெருவிலும் குளத்தங்கரையிலும் நாள்தோறும் காண்கிறது. இங்கோ, விழாவிற்கு வரும் ஓர் உரையாளர், மலைக்கு அழைத்துச் செல்லும் ஒரு குருசாமி, ஞாயிறு வழிபாட்டில் காணும் ஒரு போதகர் ஆகியோரைக் கொண்டே நம் பிள்ளைகள் சமயத்தை அளக்கின்றனர். மேடையில் அவர் சொன்னது பாதி விளங்காது. தேநீர் கொணர்ந்த சிறுவனை அவர் 'டேய்' என்றழைத்தது நன்றாக விளங்கும்.

ஆனால் அபங்கத்தின் இறுதிப் பகுதி நம்மை நோக்கித் திரும்புகிறது. கீர்த்தனத்திற்குப் பணம் வாங்குவோரை மட்டும் துகாராம் கடியவில்லை; கொடுப்போர்க்கும் அதே கதி என்கிறார். வேண்டாம் என்று கை கூப்புபவரின் பையில் உறையைத் திணிப்பவர் யார்? ஆளுயர மாலைக்கும் பட்டாடைக்கும் போட்டியிட்டு நன்கொடை தண்டுபவர் யார்? பட்டறையில் இரவு முறை வேலை பார்ப்பவரின் கூலியும் அத்தண்டலில் அடங்கியிருக்கிறது. வருபவரின் நாவில் ஆசையை ஏற்றிவிட்டுப் பின் அவர் ஒழுக்கத்தைப் பற்றித் திண்ணையில் பேசுகிறோம். அடுத்த விழாவிற்கு அழைக்கும்போது வழிச்செலவையும் ஊதியத்தையும் முன்னதாகவே பேசி, கணக்கில் எழுதிக் கொடுப்போம். அதற்கு மேல் வேண்டாம் என்று அவர் சொன்னால், ஒருமுறை கேட்டதோடு நிறுத்திக்கொள்வோம்.