நான்கு கோடும் ஒரு பாட்டும்

யுகுலேலேவுக்கு நான்கு நரம்பு. அதற்காக எழுதும் டேப் என்ற இசைக்குறிப்பில் நான்கு கோடு. கோட்டின் மேல் எண்கள். 0 என்றால் நரம்பை வெறுமனே மீட்ட வேண்டும். 2 என்றால் இரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். இலக்கணம் இவ்வளவுதான். வாசிக்கும்போது முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜி நரம்பு தாளில் கீழ்க்கோடாக வருவதுதான் முதல் வாரம் படுத்தும். கருவியைக் குனிந்து பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிகிறபடி போட்ட கோடுகள் அவை.

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏன் என்று தெரியாமல் வழியை மட்டும் எழுதும் பையனுக்கு மார்க் போடக் கை வராது. அப்படிப்பட்டவனுக்கு இந்த எண்கள் உறுத்தின. என்ன ஸ்வரம் என்று அவை சொல்வதில்லை. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்றுகூடப் பல தாள்களில் இருக்காது. விரலை இங்கே வை, அடுத்து அங்கே வை. புரியாமல் செய்வதையும் கற்பது என்று சொல்லலாமா?

எங்கள் மரக்காணத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க வேறு இடமும் இருக்கிறது. உப்பளத்தில் நீரின் அடர்த்தியை மீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். கடல்நீர் 3 டிகிரியை ஒட்டி நிற்கும். வெயிலில் வற்றி 25 டிகிரிக்கு வந்தால் பாத்தியில் உப்பு படியத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்கவிட்டால் உப்பு கசக்கும், நீரை வெளியேற்றிவிட வேண்டும். ஏன் என்பதற்கு வேதியியல் உண்டு. ஆனால் அது தெரியாமலே தலைமுறை தலைமுறையாக நல்ல உப்பு வாரியிருக்கிறார்கள். அளத்தில் வயதான ஒருவரிடம் மீட்டரை நம்பலாமா என்று கேட்டேன். “நம்பலாம் சார். ஆனா காத்து மாறப் போவுதுன்னு அதுக்குத் தெரியாதே” என்றார், பலகையால் பாத்தியை இழுத்துக்கொண்டே.

மறுபடி கருவிக்கு வருவோம். 1879இல் மடீராத் தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹவாய்க்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்கள் கொண்டுபோன குட்டிக் கருவியின் வழிவந்தது யுகுலேலே. விரலிடத்தை எழுதும் முறை அதைவிடப் பழையது. லூட் கருவிக்காக 1507லேயே வெனிஸில் பெத்ருச்சி அச்சிட்டுவிட்டார். நம் பக்கமும் இந்த யோசனை இருந்திருக்கிறது. 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் ஸ்வரங்களோடு கமகக் குறிகளும் உண்டு. அவற்றில் சில வீணைக்காரரின் கைக்கே பேசுகின்றன. ஒடுக்கல் என்றால் மெட்டை மாற்றாமல் தந்தியை இழுத்து மேல் ஸ்வரத்தைப் பிடிப்பது. அந்தப் பாணியைக் காதால் கேட்டு வளர்ந்தவருக்கு அந்தக் குறி போதும்.

கேட்டவர் யாரும் மிஞ்சாவிட்டால்? குடுமியான்மலைப் பாறையில் ஏழாம் நூற்றாண்டு எழுத்தில் ஸ்வரங்கள் நான்கு நான்காக வரிசை வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. எழுத்துகளைப் படிக்க முடிகிறது. எப்படி ஒலித்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பார்கள். சீறியாழைத் தூக்கிக்கொண்டு பாணர்கள் இந்தக் கரையோடு போயிருக்கிறார்கள். அந்த நூலில் யாழின் உறுப்புகளுக்கு வர்ணனை உண்டு, உப்பு விற்கும் உமணரும் உண்டு. பாணர் என்ன வாசித்தார் என்பதை அறிய மட்டும் வழி இல்லை. விபுலானந்தர் பல ஆண்டு உழைத்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்தும் அந்த விரல்கள் திரும்பவில்லை.

ஆக, நான் டேப்பைத் திட்டியது அநியாயம். கற்றுக்கொடுப்பதாக அது சொல்லிக்கொள்ளவே இல்லை. பாட்டு ஏற்கெனவே மனசில் இருப்பவனுக்கு இடம் காட்டுகிறது, அவ்வளவுதான். தெரியாத இங்கிலீஷ் பாட்டுகளை விட்டுவிட்டு, ‘சின்னஞ்சிறு கிளியே’க்கு நானே எண் போட உட்கார்ந்தேன். என் யுகுலேலேயில் சி நரம்புக்குக் கீழே ஸ்வரம் கிடையாது. நான் பாடும் சுருதியில் பாட்டு அதற்கும் கீழே இறங்குகிறது. சுருதியை ஏற்றி, எல்லா எண்ணையும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டல் கழித்தலில் எந்த ஸ்வரம் எங்கே என்று விரல் தானாகவே தெரிந்துகொண்டது. கை முன்னால் போய் அறிவு பின்னால் வருவதில் கேவலம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. என் பழைய மாணவர்களில் சிலருக்கு நான் இரண்டு மார்க் பாக்கி.

ஓரிடத்தில் 2 என்று எழுதியிருக்கிறேன். பாட்டோ அங்கே நேராக நிற்காமல் லேசாக அசைகிறது. நைலான் நரம்பைக் கொஞ்சம் இழுத்தால் வருகிறது. பக்கத்தில் குறி போடலாமா என்று யோசித்தேன். பேத்தி அந்தப் பாட்டை இதுவரை கேட்டதில்லை. குறியை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று, அவளைக் கூப்பிட்டுப் பாடிக் காட்டினேன். “தாத்தா, இன்னொரு தடவை” என்கிறாள், யுகுலேலேயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.