உடன்போனவள்

வீட்டையே வண்டியாக்கி ஊர்சுற்றும் தம்பதிகளைப் பார்த்து 'விடுதலை' என்கிறார்கள் என் மாணவிகள். எனக்குக் கண்ணகி நினைவுக்கு வருகிறாள். மதுரைக்குப் போவதென முடிவெடுத்தவன் கோவலன். புகாரிலிருந்து 30 காதம். கொஞ்ச தூரத்திலேயே சோர்ந்துபோய், மதுரை எங்கே என்று கேட்கிறாள். கூட நடந்த கவுந்தியடிகளோ மதுரையில் அறம் கேட்க நெடுநாள் ஆசைப்பட்டவர். துறவி, ஆக்கிப்போட ஆளில்லை. வழி ஒன்றுதான். பயணமும் ஒன்றா? 'வேண்டாம், திரும்புவோம்' என்று சொல்ல முடியாதவளின் சம்மதத்தைச் சம்மதமென்று எண்ணலாமா? (வகுப்பில் இதைக் கற்பென்றே நடத்திவிடுகிறோம்.)

வைகையைத் தாண்டி ஆயர்சேரியில் மாதரியிடம் அடைக்கலமானதும் அவளுக்கு வாய்த்தது அடுப்படி. ஐயை கூடமாட உதவினாள். கோவலன் உண்டான், ஒற்றைச் சிலம்போடு கடைத்தெருவுக்குப் போனான். அவள் அங்கேயே இருந்தாள்.