வெறுமை என்பது யாது?

ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே செல்லச் செல்லச் சாலை குறுகி, முடிவில் மணல் தடமாகிறது. அங்குச் செல்லும் நாம் முதலில் உரைப்பது, 'இங்கே ஒன்றுமில்லையே' என்பதுதான். முல்லையும் குறிஞ்சியும் திரிந்ததே பாலை எனச் சிலப்பதிகாரம் வழியே கற்ற நமக்கு, பாலை என்றாலே வளமிழந்த நிலம். ஆனால் தார்ப்பாலை எதையும் இழந்து நிற்கும் நிலமன்று.

3,162 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாலைவனத் தேசியப் பூங்காவினுள்ளேயே சிற்றூர்கள் உள்ளன. தாழ்நிலத்தில் கரையிட்டு மழைநீரைத் தேக்கி, நீர் வடிந்தபின் எஞ்சும் ஈரத்திலேயே கோதுமை விளைவிக்கும் 'கடீன்' முறையைப் பாலிவால் மக்கள் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டனர். 'ஓரண்' எனப்படும் தெய்வக் காடுகளில் மரம் வெட்டுவது பிழையெனக் கருதப்படுகிறது. முன்னொரு காலத்தில் தமிழகத்திலும் வாழ்ந்த கானமயில், இங்கே வெறுந்தரையில் முட்டையிடுகிறது. வெற்றிடமென்று நாம் ஊர்தியைச் செலுத்துமிடம் அதன் தொட்டில்.

காணாததை இல்லாததென்று கூறல் அறமாகுமா? அது வெறும் சொற்பிழையன்று. ஏட்டில் தரிசெனப் பதிவான ஓரண் நிலங்கள் சில, மின்திட்டங்களுக்கு எளிதில் ஒதுக்கப்பட்டன. கதிரவன் தரும் மின்சாரம் நாட்டுக்குத் தேவையே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், 'வெற்றுநிலம்' என்று எழுதிவிட்டால், யாரைக் கேட்பது என்ற வினாவே எழாமற் போகிறது.

ஆகவே, பாலையைக் காணப் புறப்படுவோர்க்கு முதற்கடமை ஒன்றுண்டு. அடியெடுத்து வைக்குமுன், 'இவ்விடம் யாருக்கு உரியது?' என ஆடு மேய்ப்பவரிடம் வினவுதல் வேண்டும். விடை கிடைக்கும், அதற்கேற்ப நடக்கவும் வேண்டும்.