காணாத பக்கமும் ஓவியனின் கடமையும்

ஓவியம் கண்ணுக்கு விருந்து என்பர். மறைந்துபோன ஒரு பொருளை வரையும் ஓவியமோ விருந்தாவதோடு சாட்சியாகவும் நிற்கிறது. சாட்சி கூறுபவன் கண்டதைக் கூறலாம். காணாததைக் கண்டதாகக் கூறலாமா? நூற்றாண்டு கடந்த ஒரு நீராவிக் கப்பலைத் துணையாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

வ. உ. சிதம்பரனாரின் முயற்சியால் 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு பெற்றது. பங்கு ஒன்று 25 ரூபாய், பங்குகள் 40,000, மூலதனம் 10 லட்சம் ரூபாய் என்பது திட்டம். காலியா, லாவோ என்னும் இரு நீராவிக் கப்பல்கள் 1907இல் வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலை பெற்று வெளிவந்தபோது வரவேற்கக் கப்பல் எதுவும் இல்லை.

நம் வீட்டுப் பிள்ளை ஒன்று பள்ளிக் கண்காட்சிக்காக அக்கப்பலை வரைய முற்படுகிறது என்று கொள்வோம். கைக்குக் கிட்டுவது மங்கலான நிழற்படம் ஒன்று. ஒரு பக்கத்தைக் காட்டும் படம் மறுபக்கத்தைக் காட்டாது. கருப்பு வெள்ளைப் படம் வண்ணத்தைச் சொல்லாது. பிள்ளை என் செய்வது?

அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக அடக்கிக் கூறுவது சைவ சித்தாந்த மரபு. ஓவியனுக்கும் இம்மூன்றே துணை.

படத்தில் தெரியும் புகைபோக்கியும் பாய்மரமும் காண்டல். புகைபோக்கி இருக்குமாயின் அதன் கீழே கொதிகலனும், நிலக்கரி அள்ளிப் போடுவோர் நிற்க இடமும் இருந்தே தீரும்; இது கருதல். கைப்பிடிக் கம்பியின் உயரத்தை மனிதனின் இடுப்பளவாகக் கொண்டு கப்பலின் நீளத்தை மதிப்பிடலாம். சுமை ஏறினால் கப்பல் நீரில் தாழும், இறங்கினால் உயரும். ஆகவே நீர்மட்டக் கோட்டை எங்கே இடுவது என்பதும் சிந்தித்துச் செய்ய வேண்டியதே.

மூன்றாவதாகிய உரையில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது மட்டுமன்றிப் பயணிகளுக்குக் குடையும் இலவசமாகக் கொடுத்தது என்று வழிவழியாகச் சொல்வர். 1961இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ திரைப்படம் அக்கதையை வீடுதோறும் கொண்டு சென்றது. அதை இயக்கிய பி. ஆர். பந்துலு நம் கோலார் மாவட்டத்தில் பிறந்தவர் என்பது நமக்கொரு தனி மகிழ்ச்சி. ஆயினும் திரையில் கண்ட கப்பலே காலியா ஆகிவிடாது. கலை உணர்வை ஊட்டும். உருவத்துக்குப் பிணை நிற்காது.

இங்கே ஒரு தடை எழலாம். "பிள்ளை வரையும் படத்துக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு? கப்பலைச் சற்றுப் பெரிதாக்கி, உச்சியில் மூவண்ணக் கொடியைப் பறக்கவிட்டால் நாட்டுப்பற்று வளருமே!" என்பர். அன்பினால் எழும் இத்தடையை எள்ளி நகையாடலாகாது. ஆனால் அசோகச் சக்கரம் பொறித்த அக்கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22 அன்று. அதனை 1907ஆம் ஆண்டுக் கப்பலில் ஏற்றினால், கொடியே இல்லாத காலத்தில் துணிந்தவர்களின் துணிவு மறைந்துபோகும். அக்கப்பல்கள் தூத்துக்குடியில் கட்டப்பட்டவை அல்ல, வெளிநாட்டில் வாங்கப்பட்டவை. இதனையும் மறைக்க வேண்டுவதில்லை. கட்டியவர் அயலாராயினும், 25 ரூபாயாகச் சேர்த்து வாங்கி, எதிர்ப்புக்கிடையே ஓட்டியவர் நம்மவர். பெருமை அங்கேதான் இருக்கிறது. பொய்யால் பெரிதாக்கிய கப்பலைவிட உள்ளபடியே வரைந்த சிறு கப்பல் அவர்களுக்குச் செய்யும் மரியாதை மிகுதி.

அப்படியாயின் தெரியாத இடத்தை வெறுமையாக விட்டுவிடுவதா? வேண்டாம். கண்டதை அழுத்தமான கோட்டாலும், கருதியதை மெல்லிய கோட்டாலும் வரையலாம்; கேட்டதைப் படத்தின் கீழே 'இவ்வாறு சொல்வர்' என எழுதலாம். கற்பனை செய்வது குற்றமன்று. கற்பனையைக் கண்டதுபோல் காட்டுவதே குற்றம். பார்ப்பவர் இன்னது உறுதி, இன்னது ஊகம் என்று பிரித்தறிய வழிவிட்டால் ஓவியன் தன் கடமையைச் செய்தவனாவான்.

நந்திதுர்க் வாழ் குடும்பங்களாகிய நமக்கு இது தொலைவிலுள்ள கடலைப் பற்றிய செய்தி மட்டுமன்று. வடாற்காட்டிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் நம் முன்னோர் இங்கு வந்து பொன் எடுத்தனர். மேலே சக்கரம் சுழல்வதைக் கண்டு, கீழே கூண்டு இறங்குவதைக் கருதி அறிந்தவர்கள் அவர்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டதும் ஏட்டில் உள்ளன. இருளில் பாறை துளைத்தவர்களின் முகங்கள் எத்தனை ஏட்டில் ஏறின?

வேலை தேடி வெளியூர் சென்ற நம் பிள்ளைகளின் பிள்ளைகள் ஒருநாள் இச்சுரங்கத்தையும் வரைவர். அவர்கள் கையிலும் சில மங்கலான படங்களே இருக்கும். பாட்டனை வீரனாக்கும் ஆசையில் அவர் பட்ட பாட்டை அழித்துவிடாமலும், இரக்கத்தின் மிகுதியால் அவர் கண்ட மகிழ்ச்சியை மறைத்துவிடாமலும் வரைய வேண்டுமாயின், அதற்கான பழக்கத்தை இன்றே அவர்களுக்குத் தர வேண்டும். பெட்டியில் கிடக்கும் பழைய படத்தின் பின்புறம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் நாம் இன்றே எழுதி வைப்போம். முன்னோரை உள்ளபடி அறிய விரும்பும் நாம், பின்னோர் நம்மை உள்ளபடி அறியவும் வழி செய்தல் கடமையன்றோ?