இலவசப் பையும் தாராள மனமும்

கடைக்கு வந்தவருக்குச் சாமானைப் பையில் போட்டு நீட்டினால்தான் மரியாதை என்று நாம் எண்ணுகிறோம். பைக்குக் காசு கேட்டால் கஞ்சன் என்பார்களோ என்ற கூச்சம் வேறு.

2023 ஜூலை 3 முதல், ஆண்டுக்குப் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் வியாபாரமுள்ள பேரங்காடிகள் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு வாங்கியாக வேண்டும். தேக்காச் சந்தைக் கடைகளையும் நம் மளிகைக் கடைகளையும் அச்சட்டம் தொடவில்லை. ஆகவே இங்கே நாமாகத்தான் யோசிக்க வேண்டும். தேக்காவில் மீனுக்கு ஒரு பை, கறிவேப்பிலைக்கு ஒரு பை, இரண்டையும் சேர்த்துப் போட இன்னொரு பை! மீனிலாவது நீர் வடியும். கறிவேப்பிலைக்கு என்ன அவசியம்?

சிங்கப்பூரில் எரிக்கப்படும் குப்பையின் சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999இல் திறக்கப்பட்ட அதுவே நாட்டிலுள்ள ஒரே குப்பைக் கிடங்கு. 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள்.

சகோதரர்களே, தன் பொருளைக் கொடுப்பவனே தாராளக்காரன். செமாக்காவில் மிஞ்சியிருக்கும் இடமோ நம் பேரப்பிள்ளைகளுடையது. அதை எடுத்துக் கொடுத்து நாம் நல்ல பெயர் வாங்குவது எவ்வகையில் நியாயம்?

பை கேட்கும் மூதாட்டிக்கு இல்லை என்று சொல்லச் சொல்லவில்லை. கேட்குமுன்பே நீட்டுகிறோமே, அதைத்தான் சொல்கிறோம்.