எழுதியிருப்பது என்ன? வாசிப்பது எப்படி?

நித்திய வாழ்வை அடைய வழி கேட்டு வந்த சட்ட வல்லுநரிடம் நம் ஆண்டவர் இரண்டு கேள்விகளைக் கேட்டார் (லூக்காஸ் 10). திருச்சட்டத்தில் எழுதியிருப்பது என்ன என்பது ஒன்று. அதை நீர் வாசிப்பது எப்படி என்பது மற்றொன்று. வந்தவர் இறையன்பையும் பிறரன்பையும் பற்றிய கட்டளைகளைப் பிழையின்றி ஒப்புவித்தார். ஆண்டவரும் அந்த விடை சரியென்றார். ஆயினும், தம் அயலவர் யார் என்று அவர் அடுத்துக் கேட்டபோது, எழுத்தை அறிந்தவர் பொருளில் தடுமாறுவது வெளியாயிற்று. அவருக்கு ஆண்டவர் இலக்கணம் கற்பிக்கவில்லை. சமாரியன் ஒருவனின் கதையைச் சொன்னார்.

அன்பான வாசகர்களே, அந்த இரண்டாம் கேள்வி நமக்கும் உரியது. வேதாகமம் இல்லாத கத்தோலிக்க வீடு இன்று அரிது. அதை நாம் எப்படி வாசிக்கிறோம்?

இறைவாக்குத் தெளிவாக எழுதப்பட்டிருக்க விளக்கம் எதற்கு என்பார் சிலர். பாலைவனத்தில் ஆண்டவரைச் சோதித்த பசாசும் சங்கீத வசனத்தைத்தான் எடுத்துக் காட்டிற்று என்பதை அவர்கள் மறக்கலாகாது. வசனம் சரியானதே, வாசித்த மனந்தான் தீயது. வேறு சிலரோ, நாங்கள் படிக்காதவர்கள், அது சுவாமிமாரின் வேலை என்று ஒதுங்குவர். இதுவும் தவறு. 1965ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம், இறை வெளிப்பாடு பற்றிய தன் ஏட்டில், வேதாகமத்தை அணுகும் வழி விசுவாசிகள் அனைவருக்கும் அகலத் திறந்திருக்க வேண்டும் என்று போதித்தது. அந்தந்த நூலின் இலக்கிய வகையையும் எழுதியவரின் நோக்கத்தையும் ஆராய வேண்டும் என்று அதே ஏடு கற்பித்தது.

புத்தளம் கரையில் இறைவாக்குக்குப் பழைய வரலாறு உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க குருக்களுக்குத் தடை இருந்தது. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார், தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். தேவ அருள்வேத புராணமும் வியாகுல பிரசங்கமும் அவருடைய தமிழ் நூல்கள். 1742இல் அவர் உயிர் நீத்த போலவத்தை இந்த மாவட்டத்தில்தான் உள்ளது. குருவானவர் இல்லாத ஊர்களில் அண்ணாவிமாரும் மூப்பர்மாரும் இத்தகைய நூல்களை உரத்து வாசிக்க, சபை கூடிக் கேட்டது. தபசு காலத்தில் வியாகுல பிரசங்கம் வாசிக்கும் வழக்கம் அப்படி வளர்ந்தது. எழுத்தறியாத மீனவனும் ஆண்டவரின் பாடுகளை அறிந்திருந்தான். தனியே வாசித்ததால் அல்ல. திருச்சபையோடு சேர்ந்து கேட்டதால் அறிந்திருந்தான்.

விளக்கத்துக்கு வாழ்க்கை அனுபவமும் வேண்டும், கல்வியும் வேண்டும். இதற்கு நம் கரையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மத்தேயு 13இல் கடலில் வீசப்பட்ட வலையின் உவமை வருகிறது. அந்த வலை நம்மவரின் கரைவலை போன்றதே. பலர் கூடி அதைக் கரைக்கு இழுக்கிறார்கள். பிறகு உட்கார்ந்து மீனைத் தெரிகிறார்கள். பெருநகரத்துப் பேராசிரியருக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியது, கற்பிட்டிச் சிறுவனுக்குக் கண்கண்ட காட்சி. வலை மீனைப் பார்த்து வளைப்பதில்லை என்பதும், தெரிவது கடலில் அல்ல, கரையில்தான் என்பதும் அவனுக்குத் தெரியும்.

ஆனால், எறியப்பட்ட மீன் எது? அழுகிய மீன் என்று நாம் சொல்லக்கூடும். இப்போதுதானே உயிரோடு கரையேறியது, அது எப்படி அழுகும்? இங்கே அனுபவம் மட்டும் போதாது. லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தின்படி, செதிலும் சிறகும் உள்ள மீனையே யூதர் உண்ணலாம். கலிலேயாக் கடலில் செதிலில்லாத கெழுத்தி மீன் உண்டு. அத்தகைய மீனே கழிக்கப்பட்டது என அறிஞர் பலர் கருதுகின்றனர். நம் சந்தையில் நல்ல விலை போகும் சுறாவும் திருக்கையும் யூதருக்கு விலக்கு. ஆகவே நம் அனுபவம் உவமையின் வாசலைத் திறக்கிறது. உள்ளே வழிகாட்டக் கல்வி வேண்டியிருக்கிறது.

அந்த உவமை இன்னொன்றும் சொல்கிறது. நல்லவரையும் தீயவரையும் பிரிப்பது சம்மனசுகளின் வேலை. அதுவும் உலக முடிவில். வலைக்குள் இருக்கும் மீன் மற்ற மீனைத் தெரிவதில்லை. வசனத்தைக் கையில் எடுத்து அயல் வீட்டாரைத் தீர்ப்பிடுகிறவர் சம்மனசின் வேலையைத் திருடுகிறார்.

இது வெறும் ஏட்டு விவாதமன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாவன்று, நமக்குத் தெற்கே கட்டுவாப்பிட்டி ஆலயத்திலும் வேறிடங்களிலும் குண்டுகள் வெடித்தன. இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். துயரமும் அச்சமும் ஆறாத நிலையில், மே 12ஆம் தேதி, சிலாபத்து முஸ்லிம் வணிகர் ஒருவர் முகநூலில் இட்ட ஒரு வரி பரவியது. மிகையாகச் சிரிக்க வேண்டாம், ஒருநாள் அழ நேரும் என்பது அதன் கருத்து. அதை மிரட்டல் என்று வாசித்தார்கள். யாருக்கு, எந்தப் பேச்சுக்குப் பதிலாக எழுதப்பட்டது என்று நின்று விசாரித்தவர் சிலரே. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன, ஊரடங்கு வந்தது. வன்முறை பரவ, மறுநாள் இதே மாவட்டத்தில் முஸ்லிம் தச்சர் ஒருவர் கொலையுண்டார்.

லூக்காஸ் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இப்போது சிரிப்பவர்கள் பின்பு அழுவார்கள் என்ற எச்சரிக்கை நம் ஆண்டவரின் வாயிலிருந்தே வருகிறது! அதை நாம் கொலை மிரட்டலாக வாசிப்பதில்லை. ஏனெனில் சொன்னவரை அறிவோம், சொன்ன சூழலை அறிவோம், அவரை நம்புகிறோம். இறைவாக்குக்கு நாம் காட்டும் இந்தப் பொறுமையை அயலவரின் வாக்குக்கும் காட்டக் கடமையில்லையா? வேதம் வாசிக்கப் பழகியவர் மனிதரையும் நிதானமாக வாசிப்பவராக வேண்டாமா?

புனித அகுஸ்தீனார் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். எந்த விளக்கம் இறையன்பையும் பிறரன்பையும் கட்டியெழுப்பவில்லையோ, அந்த விளக்கம் சொல்பவர் இன்னும் வேதத்தை உணரவில்லை என்றார். அப்படியானால் அன்பு இருந்தால் எப்படியும் பொருள் கொள்ளலாமா? இல்லை. அன்பினால் பிழையான பொருள் கொண்டவர், பாதையை விட்டு வயல்வழியே நடந்து ஊர் சேர்ந்தவர் போன்றவர்; அவரையும் திருத்தவே வேண்டும், வழி விலகும் பழக்கம் ஒருநாள் வேறெங்கோ கொண்டுபோய் விடும் என்றும் அவரே எச்சரித்தார். ஆகவே அன்பு கல்விக்குப் பதிலாகாது. கல்வியும் அன்புக்குப் பதிலாகாது.

பெற்றோரே, இரவுச் செபத்துக்குப் பின் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒற்றை வசனத்தைப் பிய்த்தெடுக்காமல் அதிகாரம் முழுவதையும் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். யார், யாருக்கு, ஏன் சொன்னார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். நம் கரையில் பாட்டி தமிழில் செபிக்க, பேரப்பிள்ளை பள்ளியில் சிங்களத்தில் படிக்கும் வீடுகள் உண்டு. அங்கே இரண்டு வேதாகமங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் மறைந்த பொருள் மற்றதில் துலங்கக்கூடும். விளங்காததைக் குறித்து வைத்துப் பங்குச் சுவாமியாரிடம் கேளுங்கள். எத்தியோப்பிய அதிகாரி பிலிப்புவிடம் கேட்க வெட்கப்படவில்லை.

முடிவில், புத்தகத்தை மூடுமுன், ஒரு கேள்வியை ஒவ்வொருவரும் தமக்குள் கேட்கட்டும்: இன்று வாசித்தது அயலவரைக் குற்றஞ்சாட்ட எனக்கு உதவுகிறதா, அல்லது காயப்பட்டுக் கிடப்பவனிடம் என்னை அனுப்புகிறதா? சட்ட வல்லுநருக்கு ஆண்டவர் கடைசியாகச் சொன்னது, போய் அப்படியே செய்யும்படிதான்.