ஜும்ஆ பயான்: பொம்மைக் காரும் பொய் விலையும்

 



இன்றைய விஷயத்தைக் கேட்டால் பெரியவர்கள் சிலர் சிரிக்கலாம். ஹாட் வீல்ஸ் என்று உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கார். 1968இல் மேட்டல் கம்பெனி கொண்டுவந்தது. சாதாரண மாடலுக்கு அட்டையில் அச்சிட்ட விலை நூற்றுச் சொச்சம் ரூபாய். அதிலேயே 'டிரஷர் ஹன்ட்' என்று 1995 முதல் அபூர்வமாகச் சில வண்டிகளைக் கலந்து அனுப்புகிறார்கள். அது கையில் கிடைத்தால் நெட்டில் ஆயிரக்கணக்கில் விலை போடுகிறார்கள். நம் திருவாதவூர், மேலூர்ப் பக்கத்து வாலிபர்களும் மதுரைக் கடைகளில் தேடிப் பிடித்து விற்கிறார்கள். "ஹஜ்ரத், இந்த லாபம் ஹலாலா?" என்பதுதான் கேள்வி.

முதலில் ஒன்று: அதிக லாபம் என்பதற்காக மட்டும் அது ஹராமாகிவிடாது. உர்வா (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்து ஆடு வாங்கச் சொன்னார்கள். அவர் இரண்டு ஆடு வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்தார். நபியவர்கள் அவருடைய வியாபாரத்தில் பரக்கத்துக்காக துஆ செய்தார்கள் (புகாரி 3642).

அப்படியானால் தப்பு எங்கே இருக்கிறது? ஒருவர் தன் காருக்கு இருபதாயிரம் என்று போடுகிறார். யாரும் வாங்கவில்லை. அது விலை அல்ல, அவருடைய ஆசை. இன்னொருவர் அதைக் காட்டி, "மார்க்கெட்டில் இப்போது இருபதாயிரம் போகிறது, உனக்குப் பதினைந்துக்குத் தருகிறேன்" என்கிறார். கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு என்று அவருக்குத் தெரியும். கடைத்தெருவில் சரக்கை வைத்துக்கொண்டு, தனக்கு யாரும் கேட்காத விலையைக் கேட்டதாக ஒருவர் அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்தபோதுதான் ஆலு இம்ரான் 77ஆம் வசனம் இறங்கியது என்று அப்துல்லாஹ் இப்னு அபீ அவ்ஃபா (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி 2088). ஏலத்தில் நண்பனை விட்டு, வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடுவது 'நஜ்ஷ்'. அதையும் நபியவர்கள் தடுத்தார்கள் (புகாரி 2142). பக்கத்தில் நின்று கேட்டாலும், போனில் வேறு பெயரில் கேட்டாலும் நஜ்ஷ் நஜ்ஷ்தான்.

சிலர் கையில் வண்டியே இல்லாமல் யாரோ எடுத்த போட்டோவைப் போட்டு அட்வான்ஸ் வாங்குகிறார்கள். தன்னிடம் இல்லாததை விற்கக் கூடாது என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னது இங்கே நேராகப் பொருந்தும் (திர்மிதி 1232). பெட்டி பிரிக்கும் முன்பே கடைப் பையனுக்குக் காசு கொடுத்து நல்லதையெல்லாம் அள்ளிக்கொள்கிறவரும் உண்டு. அந்தக் காசு லஞ்சம். பதுக்கல் சட்டம் உணவுக்கு மட்டும்தான் என்று சொன்ன இமாம்கள் இருக்கிறார்கள். எதைப் பதுக்கினால் மக்களுக்குச் சிரமமோ அதெல்லாம் பதுக்கல்தான் என்றார்கள் இமாம் அபூயூசுப் (ரஹ்). பொம்மைக் காருக்கு அது பொருந்துமா என்பதில் நான் அழுத்தம் கொடுக்க மாட்டேன். ஆனால் சீல் பிரிக்காத பாக்கெட்டை அதில் அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் விற்பதை 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகள் தடுக்கின்றன. நாட்டுச் சட்டத்தை மீறிக்கொண்டு "ஹலால்தானே" என்று கேட்க வேண்டாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சபரில் இருந்த பாட்டனார் கொண்டுவந்த பழைய மேட்ச்பாக்ஸ் கார், இங்கிலாந்தில் லெஸ்னி கம்பெனி செய்தது, ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் கிடக்கும். விவரம் தெரிந்தவர் வந்து, "பழைய தகரம்தானேம்மா" என்று ஐம்பது ரூபாய் கொடுத்து எடுத்துப் போகிறார். ஜரீர் (ரலி) அவர்களுக்கு அவருடைய பணியாள் முந்நூறுக்கு ஒரு குதிரை பேசிக் கொண்டுவந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் அவர்கள், இது அதற்கு மேல் பெறும் என்று விற்றவரிடமே சொல்லி, நூறு நூறாகத் தானே ஏற்றி எண்ணூறு கொடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் பைஅத் செய்திருக்கிறேன் என்றார்கள் (தப்ரானி).

பொய் சொல்லி ஏற்கெனவே விற்றுவிட்டவர், வாங்கியவரின் நம்பர் போனில் இருக்கும்போதே அழைத்து உண்மையைச் சொல்லட்டும். அவர் வண்டியைத் திருப்பித் தர விரும்பினால் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும். வைத்துக்கொள்கிறேன் என்று அவர் மனம் ஒப்பிச் சொன்னால் வியாபாரம் நிற்கும். பாங்குக்கு நேரமாகிவிட்டது, சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.